‘ஆவன செய்யுமாறு’ வேண்டாம்: சேலம் மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கும், பள்ளித் தேர்வுகளுக்கு வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவில் நான்கு பாடவேளைகள் ஒதுக்குங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும், ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரமுள்ள ஓர் ஆளுக்கு, ஒரே ஒரு கோரிக்கையை வைத்து ஒரு கடிதம் எழுதட்டும். எழுதியது தபாலில் போகட்டும். பள்ளி அளவிலான தேர்வுகளில் அந்த மாதிரிக் கடிதத்துக்கு மதிப்பெண் பிரிக்கும் முறையை மாற்றுங்கள். ஏன், எப்படி என்பதற்குத்தான் மீதி மடல்.

பிறரை இணங்க வைக்கும் எழுத்து என்று நாம் வகுப்பில் கொடுப்பது பெரும்பாலும் ‘மரம் வளர்ப்போம்’, ‘நெகிழி ஒழிப்போம்’ வகைத் தலைப்புகள். முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை, நடுவில் அடிக்கோடிட்ட ஒரு குறள். நாற்பது நோட்டைத் திருத்தினால் ஒரே கட்டுரையை நாற்பது கையெழுத்தில் படித்த களைப்புதான் மிஞ்சும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மரம் வளர்க்கக் கூடாது என்று வாதாடுகிற ஆள் யார்? எதிர்த்தரப்பே இல்லாத தலைப்புக்கு யாரை இணங்க வைப்பது? மேடைப் பாராட்டுரைதான் எழுத வரும்.

ஆகவே தலைப்பில் தொடங்க வேண்டும். ஒரு சோதனை போதும்: நல்ல மனசும் நிதானமும் உள்ள ஒரு பெரியவர் இதற்கு ‘வேண்டாம்ப்பா’ என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது தலைப்பு. ‘ஏற்காட்டின் அழகைக் காப்போம்’ தேறாது. ‘சனி, ஞாயிறுகளில் வெளியூர் வண்டிகள் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாகவே இறங்க வேண்டும்’ என்பது தேறும் (இரண்டும் ஏற்காட்டு மலைச் சாலைகள்). அடிவாரச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் வேலை பெரும்பாலும் இருக்காது; அது ஆதரவுப் பக்கம். குப்பனூர்ப் பாதையோரத்து ஊர்க்காரர்களுக்கு வண்டிச் சத்தம் கூடும், அடிவாரத்துக் கடைக்காரர்களுக்கு இறங்கும் வண்டிகளின் வியாபாரம் போகும், சேலம் திரும்பும் வாடகை வண்டிக்காரருக்குச் சுற்று. மூன்று பேரும் நியாயமானவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்த பிறகுதான் பிள்ளையின் பேனா யோசிக்கத் தொடங்கும்.

ஆறு, ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு பெரிய தலைப்பு வேண்டாம். மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்து வைப்பதா, விளையாட்டு வேளையை முதல் பாடவேளைக்கு மாற்றுவதா என்று பள்ளிச் சுவருக்குள்ளேயே இருக்கட்டும். எழுத்தாக ஒரு காரணம், ஒரு பத்தி போதும். மலைப் பள்ளிகளில் காபி பறிப்புக் காலத்தையொட்டிக் கேட்கலாம்: நவம்பர், டிசம்பரில் மாலைச் சிறப்பு வகுப்பை அரை மணி முன்னதாக முடிக்கலாமா? இருட்டும் பனியும் ஒரு பக்கம், முடிக்க வேண்டிய பாடம் மறுபக்கம்.

அடுத்தது பெறுநர். ‘பெறுநர்’ என்ற சொல்லை எந்த இடத்தில் எழுத வேண்டும், காற்புள்ளி எங்கே வரும் என்று அழகாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் யார் என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கடிதம் எழுதும் முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுத வையுங்கள். இந்தக் காரியம் அவர் கையில் இருக்கிறதா? சம்மதித்தால் அவருக்கு என்ன செலவு, என்ன தொல்லை? எந்தக் காரணம் சொன்னால் அவர் காது கொடுப்பார்? முதல் வரியிலேயே பாதிப் பேர் சறுக்குவார்கள். பேருந்து நேரத்தை மாற்றச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவார்கள். அந்த வேலை போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருடையது. ஆட்சியருக்கு எழுதினால் தப்பில்லை, ஆனால் மனு நாலு மேசை சுற்றி அதே கிளைக்குத்தான் வரும்.

பெறுநர் மாறினால் காரணமும் மாற வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டுப் புரிந்துகொள்ள மாட்டார்கள், செய்து பார்த்தால் புரியும். ஒரே கோரிக்கையை மூன்று பேருக்கு ஆளுக்கு இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு மேட்டூர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு எழுதும்போது எத்தனை மணிக்குத் திரும்புவோம், கூட எந்த டீச்சர் வருகிறார் என்பது முன்னால் வரும். தலைமையாசிரியருக்கு எழுதும்போது, 1934-இல் கட்டி முடித்த, 120 அடி நீர்மட்டம் கொண்ட அணை சமூக அறிவியல் பாடத்தோடு எப்படிச் சேர்கிறது, பாடவேளை எத்தனை போகும் என்பது வரும். வண்டி வாடகைக்கு விடுபவருக்கோ ஆள் எண்ணிக்கையும் புறப்படும் நேரமும் தவிர வேறெதுவும் வேண்டாம். அணையின் பெருமையை அவரிடம் அளந்துகொண்டிருந்தால் சிரிப்பார்.

காரணமும் சான்றும் ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். இதற்கு நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது, பயன்படுத்தாமல் பரணில் போட்டு வைத்திருக்கிறோம். மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அனுமானத்தை விளக்கும் இடத்தில் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்ற வரிசை வருகிறது. இம்மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. சேர்வராயன் மலையைச் சன்னல் வழியே பார்க்கும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. கரும்பலகையில் மூன்று வரி எழுதி, ‘ஏற்காட்டு மலையில் காலை ஆறரைக்குத் தெரிவது புகையா, பனியா?’ என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே நெருப்பு என்று துணிவதையும் அந்தக் காதை பிழையான ஏதுக்களில் ஒன்றாகவே சொல்கிறது. உறுதிப்படாத தகவலை வைத்து முடிவு கட்டாதே என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவதை அந்தப் பனி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

இதையே நோட்டில் நடத்த இரண்டு கேள்வி போதும். பிள்ளை எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் பக்கத்து இருக்கைப் பிள்ளை ‘ஏன்?’ அல்லது ‘எப்படித் தெரியும்?’ என்று பென்சிலில் எழுத வேண்டும். ‘ஏன்?’ என்பதற்கு வருவது காரணம், ‘எப்படித் தெரியும்?’ என்பதற்கு வருவது சான்று. முதல் வரைவில் பெரும்பாலும் கோரிக்கையே மூன்று முறை வேறு வேறு சொல்லில் எழுதப்பட்டிருக்கும். காரணம் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். குறளும் சான்றாகாது. கிளை மேலாளருக்குக் குறள் தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. (இந்த மடலில் குறள் எதையும் மேற்கோள் காட்டாததைக் கவனித்திருப்பீர்கள். கை துறுதுறுத்தது உண்மை.)

சான்று சேர்க்கும் வேலையைப் பிள்ளைகளே செய்யலாம். நிறுத்தத்தில் மூன்று நாள், காலை 7.45 முதல் 8.30 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாளில் ஏறுபவர்களைக் கோடு போட்டு எண்ணுவது. மாணவர் ஒரு வரிசை, மற்றவர் ஒரு வரிசை. முகூர்த்த நாளையும் திங்கட்கிழமையையும் தவிருங்கள். அன்றைக்கு எண்ணினால் கூட்டம் இயல்பை மீறி இருக்கும், கிளை மேலாளர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒருவரே மூன்று நாளும் எண்ணாமல் இருவராக எண்ணி ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. ‘நூற்றுக்கணக்கானோர்’, ‘எல்லாரும்’, ‘எப்போதும்’ என்ற சொற்கள் வரைவில் தென்பட்டால், அந்த இடத்தில் எண் எழுத முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் சொல்லை அடித்துவிடலாம்.

பொதுத் தகவலில் இன்னும் கவனம் வேண்டும். மாம்பழப் பருவத்தில் எந்த வகுப்பிலும் வரும் வாக்கியம்: ‘மண்டியில் ரசாயனம் வைத்து மாம்பழத்தைப் பழுக்க வைக்கிறார்கள், அரசு தடுக்க வேண்டும்.’ கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத்தான் தடை. எத்திலீன் வாயுவைக் கொண்டு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவு வரை, பழுக்க வைக்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் அனுமதி உண்டு. மாங்காயே பழுக்கும்போது அந்த வாயுவை வெளிவிடுகிறது. இந்த வேறுபாடு தெரியாத கடிதத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலர் இரண்டாவது வரியில் மூடி வைப்பார்; நேர்மையாகத் தொழில் செய்யும் மண்டிக்காரர் கோபப்படுவார். தெரிந்து எழுதினால் கோரிக்கையும் கூர்மையாகும்: ‘ரசாயனத்தைத் தடுக்க வேண்டும்’ என்பது போய், ‘மே, ஜூன் மாதங்களில் வாரம் ஒருமுறை கார்பைடு சோதனை நடத்தி, முடிவைச் சந்தை வாசலில் ஒட்ட வேண்டும்’ என்று வரும்.

மறுதரப்பைப் பற்றி நாம் ஒரு வரிகூடக் கற்பிப்பதில்லை என்பதே எங்கள் பெரிய வருத்தம். நன்னூல் பாயிரம் எழுவகை மதம் சொல்கிறது (மதம் என்றால் இங்கே கொள்கை). அதில் ஒன்று ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு எடுத்துச் சொல்லி, பிறகு விலக்குவது. இலக்கண வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்த வரி, கட்டுரை வகுப்பில் காணாமல் போய்விடுகிறது. செய்முறை எளிது. வரைவு முடிந்ததும் நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கிய பிள்ளை பெறுநராக மாறி, ‘முடியாது, ஏனென்றால்’ என்று தொடங்கி மூன்று வரி எழுத வேண்டும். எழுதியவர் அந்த மூன்றில் மிகக் கடினமானதை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும்; லேசானதை எடுத்தால் அது ஏமாற்று.

இங்கே மூன்று கோளாறுகள் வழக்கமாக வரும். ‘சிலர் அறியாமையால் கூறுவர்’ என்று எதிர்த்தரப்பை மட்டம் தட்டுவது ஒன்று. அந்தச் ‘சிலரில்’ கடிதத்தைப் படிப்பவரும் இருக்கக்கூடும். ஒப்புக்கொள்வதில் தாராளமாகப் போய், கோரிக்கையே கரைந்துவிடுவது இன்னொன்று. 120 சொல் கடிதத்தில் மறுதரப்புக்கு 30 சொல்லுக்கு மேல் தரக் கூடாது. மூன்றாவது, அதைக் கடைசிப் பத்தியில் வைப்பது. படித்து முடிப்பவர் மனசில் மறுப்பே தங்கிவிடும். மறுதரப்பும் அதற்கான பதிலும் நடுவில் வரட்டும், அதன் பின் வலுவான காரணம், கடைசியில் கோரிக்கை. அலுவலகக் கடிதமாக இருந்தால் கோரிக்கை ‘பொருள்’ வரியிலும் இருக்க வேண்டும். பல மேசைகளில் அந்த ஒரு வரியை வைத்தே கடிதம் யாரிடம் போகும் என்பது முடிவாகும்.

ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாம் பயிற்றுவிக்கும் கடிதம் இப்படி இருக்கும்:

‘பொருள்: பேருந்து வசதி வேண்டி. எங்கள் ஊரில் பேருந்து வசதி சரிவர இல்லாததால் மாணவர்களாகிய நாங்கள் மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகிறோம். எனவே தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

பிழையே இல்லை. முழு மதிப்பெண் கிடைக்கும். வண்டி வராது. அதே பிள்ளை அதே கோரிக்கையை, நாலு பாடவேளைக்குப் பிறகு எழுத வேண்டியது இது (எண்கள் மாதிரிக்குத்தான்):

‘பொருள்: காலை 8.20 நகரப் பேருந்தை 8.00 மணிக்கு இயக்கக் கோருதல். எங்கள் ஊரிலிருந்து 8.20க்குப் புறப்படும் வண்டி பள்ளி நிறுத்தத்துக்கு 9.10க்கு வருகிறது. பள்ளி 9.00 மணிக்குத் தொடங்குகிறது. நேரத்தை மாற்றினால் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வண்டி தவறும் என்று நீங்கள் கருதலாம். அது உண்மைதான். ஜூலை 8 முதல் 10 வரை எண்ணியதில் நாளுக்கு 6 பெரியவர்கள் ஏறினார்கள். அவர்களில் 4 பேர் எட்டு மணிக்கே வர முடியும் என்றார்கள். அதே நாட்களில் ஏறிய மாணவர்கள் நாளுக்கு 31 முதல் 34 பேர். ஆகஸ்டு மாதம் மட்டும் 8.00 மணிக்கு இயக்கிப் பார்க்க வேண்டுகிறோம்.’

மீதி இரண்டு பெரியவர்களை மறைக்காததைக் கவனியுங்கள். ஆறு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம் தட்டும். ‘ஆகஸ்டு மாதம் மட்டும்’ என்பதும் காரணத்தோடுதான். நிரந்தர மாற்றத்துக்குச் சம்மதிக்கத் தயங்கும் அலுவலர், ஒரு மாதச் சோதனைக்கு இறங்கி வருவார்.

இனி ‘ஆவன செய்யுமாறு’ பற்றி. அந்தத் தொடர் யார், என்ன, எப்போது என்ற மூன்றையும் விழுங்கிவிடுகிறது. ‘ஆவன’ என்றால் ஆகக்கூடியவை; ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று அலுவலகம் கருதினால் கோரிக்கை அத்துடன் நிறைவேறியதாகவே கணக்கு! ‘தக்க நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’ என்பதும் இதே சாதி. ‘படு’ சேர்ந்தவுடன் எடுக்க வேண்டிய ஆள் வாக்கியத்தை விட்டு இறங்கிப் போய்விடுகிறார். வினைமுற்றில் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஒரே வாக்கியத்தை வைத்துக் காட்டலாம்: ‘இயக்குங்கள்’, ‘இயக்க வேண்டும்’, ‘இயக்க வேண்டுகிறோம்’, ‘இயக்கலாமே’. எது யாரிடம் செல்லும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வீட்டில் அப்பாவிடம் ஒன்று, தாத்தாவிடம் ஒன்று என்று தினமும் செய்வதுதானே. கெஞ்சலும் மிரட்டலும் வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஓட்டுநர், நடத்துநர் என்று யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நான்கு பாடவேளைகளைப் பிரிப்பது பற்றி. முதல் நாள் தலைப்பும் பெறுநர் துண்டும், எல்லாம் வாய்ப்பேச்சில். மலைக் கிராமங்களிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இந்த நாளை இரண்டாக்கினாலும் தகும். வீட்டுப் பேச்சில் வாதாடி முடித்த பிள்ளைக்கு எழுத்துநடை தானாக இறங்கும், நேராக எழுத்துநடையில் தொடங்கினால் வாய் கட்டிப்போகும். இரண்டாம் நாளுக்குள் சான்று சேர்ந்திருக்க வேண்டும். அன்று ஒரு காரணத்துக்கு ஒரு பத்தி என்று அடுக்குவது. மூன்றாம் நாள் 25 நிமிடம் பேசாமல் வரைவு, மீதி நேரம் நோட்டு மாற்றம். நான்காம் நாள் திருத்தி எழுதி உறையில் போடுவது. அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், உறைமேல் முகவரி ஆகியவை அன்றைக்கு வந்தால் போதும். படிவத்தைக் கற்க அரை மணி ஆகும், நாம் அதற்கு அரை ஆண்டு செலவிடுகிறோம்.

வரைவில் ற-ர, ல-ழ-ள, ஒற்றுப்பிழை எதையும் தொடாதீர்கள். சிவப்பு மை பார்த்த பிள்ளை எழுத்தைத்தான் திருத்தும், காரணத்தைத் திருத்தாது. பிழை பார்க்கும் வேலை நான்காம் நாளுக்கு உரியது. திருத்தும் சுமை எங்களுக்கும் தெரியும்: நோட்டுக்கு நாலு நிமிடம் என்றாலே நாற்பது நோட்டுக்கு 160 நிமிடம். ஆகவே பத்து நோட்டை மட்டும் முழுதாகப் பாருங்கள். மற்ற முப்பதில் கோரிக்கை வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிட்டுத் தேடுங்கள். அரை நிமிடத்தில் கண்ணில் படாவிட்டால், ‘எங்கே?’ என்று ஓரத்தில் ஒரு சொல். அடுத்த முறை வேறு பத்து.

அனுப்பும்போது பள்ளி முகவரியையே கொடுங்கள், பிள்ளையின் வீட்டு முகவரியோ கைபேசி எண்ணோ வேண்டாம். தலைமையாசிரியர் படித்துக் கையொப்பமிட்ட முகப்புக் கடிதம் ஒன்று கூடப் போகட்டும். ஒரே கோரிக்கை பத்துப் பேரிடமிருந்து வந்திருந்தால் பத்தையும் அனுப்பாமல், வகுப்பே தேர்ந்தெடுத்த ஒன்றை அனுப்புவது மேல். ஊர் சார்ந்த கோரிக்கைகளுக்கு ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகள் நல்ல வாய்ப்பு. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்பலாம்.

வினாத்தாள் அமைப்பவர்களுக்கு ஒரு சொல். ‘உங்கள் பகுதியில் நூலக வசதி வேண்டி விண்ணப்பம் எழுதுக’ என்று கேட்டால் கைடில் உள்ளதே திரும்பி வரும். வினாவில் இரண்டு வரி கூட்டுங்கள்: ‘வகுப்பறையிலேயே சிறு நூலகம் வைக்க உங்கள் வகுப்பு விரும்புகிறது. புத்தகங்கள் தொலைந்துவிடும் என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். அவருக்கு எழுதுக.’ இதற்கு மனப்பாட விடை கிடையாது. 5 மதிப்பெண்ணில் படிவத்துக்கு 1, தெளிவான கோரிக்கைக்கு 1, காரணமும் சான்றும் சேர்ந்து 1½, தலைமையாசிரியரின் தயக்கத்துக்குப் பதில் 1, மொழிக்கு ½ என்று பிரிக்கலாம். பொதுத்தேர்வில் மதிப்பீட்டுக் குறிப்பு வேறாக இருக்கும், இப்படிப் பழகிய பிள்ளை அங்கே மதிப்பெண் இழக்குமோ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே எதிர்பார்க்கும் படிவம் இதிலும் முழுதாக இருக்கிறது. உள்ளே எழுத மூன்று பத்திக்குச் சரக்கும் கையில் இருக்கும். கைடு வரி மறந்துபோன பிள்ளை வெற்றுத்தாள் வைப்பதைவிட இது பாதுகாப்பு.

பதில் வராது என்பதையும் முன்னதாகவே வகுப்பில் சொல்லி வையுங்கள். பல கடிதங்களுக்கு வராது. 30 நாள் கழித்து இரண்டாவது கடிதம் எழுத வேண்டும். அதில் முதல் கடிதத்தின் நாளைக் குறிப்பிட வேண்டும், பழைய காரணங்களைத் திரும்ப எழுதக் கூடாது, புதிதாக ஒரு சான்றாவது சேர்ந்திருக்க வேண்டும். ‘முடியாது’ என்று பதில் வந்தால் அதை வகுப்புச் சுவரில் ஒட்டி, அவர் சொன்ன காரணம் நம் துண்டுத் தாளின் இரண்டாம் வரியில் இருந்ததா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
எழுத்துப் பயிற்சி நடத்தும் தமிழாசிரியர்கள் சிலர்,
சேலம், ஏற்காடு.